மக்லிஞ்சிகளின் மேற்குச் சரிவு

"பையன்," என்றாள் ஊனா, கட்டிலில் படுத்தபடி.

"தெரியும்," என்றான் மானஸ், வாசலில் நின்றபடி. "மேற்குச் சரிவுல ஒரு பாத்தி எழுந்திருக்கு."

"யார் வெட்டினது?"

"யாரும் வெட்டல. மண்வெட்டி ரெண்டும் இந்தா, சுவத்துலதான் சாஞ்சிருக்கு. நான் விடிஞ்சதுலேர்ந்து இங்கயேதான் நிக்கிறேன், நீ கத்தறதக் கேட்டுக்கிட்டு."

"நான் எங்க கத்தினேன்?"

"சரி தாயி, நீ கத்தல. பாத்தி நூல் புடிச்ச மாதிரி இருக்கு. எங்கப்பன் போட்டாக்கூட இவ்வளவு நேரா வராது."

"உங்கப்பன் போட்டது எதுதான் நேரா வந்துச்சு?"

இந்தப் பேச்சு நடந்தது 1741ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், மூத்த மகன் கார்மக் பிறந்த காலையில், பென்சில்வேனியாவின் மலைகளுக்கு நடுவே, இன்று நாங்கள் எல்லாரும் மக்லிஞ்சி ஓடை என்று சொல்கிற ஓடையின் கரையில். ஊனா அதை ஒரு சொல் மாறாமல் நாற்பது ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தாள். தான் கத்தவில்லை என்ற இடத்தில் மட்டும் குரலை உயர்த்துவாள். பாத்தி பதினாறு தப்படி நீளம், முழங்கால் உயரம். புல் தரையைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு பக்கமும் தண்ணீர் வடிய வாய்க்கால் விட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் எங்கள் சொந்தச் சீமையான டொனிகாலில் உருளைக்கிழங்குக்கு எப்படிப் போடுவார்களோ அப்படியே இருந்தது. அந்தச் சரிவில் அதுவரை யாரும் மண்வெட்டி வைத்ததில்லை. அந்த வாரம் இரண்டு முறை மழை பெய்தது. ஓட்ஸ் விதைப்பு ஐந்து நாள் தள்ளிப்போனது.

கடல் தாண்டி வந்து மூன்றே வருடம் ஆகியிருந்த மக்லிஞ்சித் தம்பதி மானஸும் ஊனாவும் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறைச் செய்தார்கள். மண்ணுக்கு அடியில் வசிப்பவர்களை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'நல்லவங்க' என்றுதான் சொல்வோம். பாத்தி அவர்கள் போட்டது, அவர்களுக்குச் சொந்தமானது, அதைத் தொட்டால் வீட்டுக்கு ஆகாது என்று இருவரும் முடிவு செய்து, சுற்றிலும் வேலி கட்டி, ஒரு விதை ஊன்றாமல் இரண்டு வருடம் விட்டுவைத்தார்கள். அந்த இரண்டு வருடமும் குழந்தை கார்மக் வளரவில்லை. பால் குடித்தான், கஞ்சி குடித்தான், பசி என்று அழுதான். ஜூலை மாத வெயிலில்கூட அவன் கை கால் சில்லென்று இருந்தது. மூன்றாவது வசந்தத்தில், மானஸ் ஆளி விதை வாங்கப் பிலடெல்ஃபியாவுக்குப் போயிருந்தபோது, ஊனா வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்தப் பாத்தி முழுக்கக் கிழங்குத் துண்டு ஊன்றினாள். நல்லவங்க கோபித்துக்கொள்வதாக இருந்தால் என் பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொள்ளட்டும் என்றாளாம். செடி முளைவிட்ட வாரம் கார்மக் கன்னத்தில் ரத்தம் ஏறியது. மானஸ் திரும்பி வந்தபோது மகனை ஒரு கையால் தூக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 1744இல் பெலிம் பிறந்தபோது முதல் பாத்திக்குப் பக்கத்திலேயே இரண்டாவது எழுந்தது; அதற்கடுத்து இரண்டு பெண் பிள்ளைகளுக்கு இரண்டு. ஒவ்வொரு பாத்தியின் கிழங்கும் அதனதன் ஆளைப் போலவே இருந்தது. கார்மக்கின் கிழங்கு பெரியது, தோல் தடித்தது, வேக நேரம் எடுத்தாலும் வயிற்றில் நிற்கும். பெலிமின் கிழங்கு எல்லாவற்றுக்கும் கடைசியில் முற்றும், பானையில் போட்டதும் குழைந்துவிடும். மூத்த பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் அவள் பாத்தியிலிருந்து ஒரு கிழங்கு வேகவைத்துத் தரச் சொன்னார்கள். தின்றுவிட்டு, கொஞ்சம் காரமாக இருந்தாலும் பரவாயில்லை என்றார்கள். ஓடைக்குக் கீழே இருந்த ஜெர்மன்காரன் ஹாஸ்டெட்டர் தன் ஏழாவது குழந்தை பிறந்த அன்று தன் வயலையெல்லாம் சுற்றிப் பார்த்தான், ஒன்றும் எழவில்லை. அது மண்ணின் விஷயம், உங்கள் பக்கத்து மண் வேறு என்று மானஸிடம் வந்து சொல்லிவிட்டுப் போனான். மானஸ் சிரித்துக்கொண்டான். ஓடைக்கு அக்கரையில், அந்த மண்ணின் பழைய குடிகளாக இருந்து துரத்தப்பட்டுப் போன லெனாப்பே மக்களின் மக்காச்சோள மேடுகள் வட்டம் வட்டமாகக் கிடந்தன. அவையும் யாரோ ஒருவரின் பிள்ளைகளாக இருக்கும் என்று சொல்லி, மானஸ் கடைசிவரை அங்கே ஏர் வைக்கவில்லை.

பாத்தி எழுவது மண்ணால் அல்ல, பெயரால் என்பது அவன் கணக்கு. ஜூலை மாதத்துக் கடைசி ஞாயிறு எங்களுக்குப் புதுக்கிழங்கு தோண்டும் நாள். அன்று காலை குடும்பம் முழுவதும் சரிவின் தலைமாட்டில் இருக்கும் சுண்ணாம்புக் கல்லைச் சுற்றி நிற்கும். மானஸ் அதன்மேல் ஏறித் தொப்பியைக் கழற்றிவிட்டு, குல மூதாதை குருட்டு ஷேனில் தொடங்கித் தன் அப்பா டர்லோவரை ஏணிபோல ஒவ்வொரு படியாகச் சொல்வான். பிறகு இருப்பவர்களை ஒவ்வொருவராக, இன்னார் மகன் இன்னார், இன்னார் மகள் இன்னார் என்று அந்த ஏணியில் கட்டுவான். எங்கள் பெண்கள் கல்யாணம் செய்துகொண்டு போனாலும் அப்பனை மாற்றிக்கொள்வதில்லை. அதனால் மருமகள்களை அவரவர் அப்பன், பாட்டன் பெயரைச் சொல்லி, அவரவர் ஏணியோடு நிறுத்துவான். சொல்கிறவன் தன் பெயரைத் தானே சொல்லக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகு, கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் ஊனா, "மானஸ், டர்லோ மகன்," என்று சொல்லி முடித்து வைப்பாள். அதைச் சொல்லாதவரை மண்ணில் மண்வெட்டி இறங்காது. இறக்கிப் பார்த்தவர்கள் உண்டு, பாறையில் மோதியதுபோல் தெறித்தது. பெயர்களை எழுதி வைக்க மானஸ் விடவில்லை. எழுதி வைத்தால் ஆட்கள் கேட்க மாட்டார்கள் என்றான். சண்டைக் காலத்தில், பள்ளத்தாக்கு முழுவதும் வீட்டை விட்டு ஓடி நாற்பது மைல் தள்ளி ஒரு கோட்டை வேலிக்குள் அடைந்து கிடந்த வருடம்கூட அவன் மேற்கே பார்த்து நின்று சொன்னான். அக்டோபரில் திரும்பி வந்தபோது வீடு எரிந்திருந்தது, மாடுகள் இல்லை, எல்லாப் பாத்தியிலும் கிழங்கு இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் பள்ளத்தாக்கில் பதினொரு குடும்பங்கள் மக்லிஞ்சிகளின் கிழங்கைத் தின்றுதான் உயிர் பிழைத்தன. என் குடும்பமும் அதில் ஒன்று.

ஒரே ஒரு முறை மானஸ் ஒரு பெயரை வேண்டுமென்றே விட்டான். 1762இல், கல்யாணம் ஆகி ஒரு வருடம் ஆகியிருந்த கார்மக், ஹாஸ்டெட்டரிடமிருந்து நான்கு குதிரை இழுக்கும் ஒரு கனத்த கலப்பையை வாங்கி வந்து, மண்வெட்டியால் பாத்தி போடுவது கிழவர்கள் வேலை என்று அப்பன் காதுபடச் சொன்னான். அந்த ஜூலையில் மானஸ் அவன் பெயரைத் தாண்டிப் போனான். மறுநாள் காலை கார்மக்கின் மனைவி நூலா கண் விழித்து, பக்கத்தில் படுத்திருந்தவனைப் பார்த்து, "யாருங்க? யார் வேணும்?" என்று மரியாதையாகக் கேட்டாள். ஊனா அவனுக்கு ஒரு குவளை மோர் கொடுத்து எந்த ஊர் என்று விசாரித்தாள். கோபம் தீர்ந்து, தான் என்ன செய்தோம் என்பதையே மறந்துவிட்ட மானஸ், கார்லைல் ஊருக்குப் போகும் பாதையைக் கை காட்டினான். ஒரு முறை பெயர் சொல்லப்பட்டு, பிறகு விடுபட்டவனுக்கு விழும் அடி அப்படி. கார்மக் ஒரு வருடம் தன் சொந்தத் தொழுவத்தில் கூலியாளாகத் தூங்கினான். வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் அவனை அடையாளம் கண்டுகொண்டு, தினமும் தட்டில் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்து, "சாப்பிடுங்க கார்மக் அண்ணே, அடுத்த ஜூலை வரைக்குந்தான்," என்று சொன்னது. அடுத்த ஜூலையில் மானஸின் காதில் அந்தப் பெயரை ஓதி, கல்மேல் சொல்ல வைத்ததும் அதே ஆள்தான்.

அவள் பெயர் லிஸ்பெத். இதை இவ்வளவு சுலபமாக இப்போது எழுத முடிவது பின்னால் நடந்த ஒன்றினால்தான். அப்போதெல்லாம் அந்தப் பெயர் எங்கள் யார் நாக்கிலும் தங்காது. 1750இல் மானஸ் பிலடெல்ஃபியா துறைமுகத்திலிருந்து ஒப்பந்த வேலைக்காரியாகக் கூட்டி வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. ரைன் நதிப் பக்கத்திலிருந்து புறப்பட்ட கப்பலில் அப்பாவும் அம்மாவும் காய்ச்சலில் இறந்து கடலில் போடப்பட்டிருந்தார்கள். அப்பா பெயர் என்ன என்று கேட்டால், "அப்பா," என்பாள். ஐந்து வயதில் யார்தான் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? அதனால் கல்லின்மேல் நின்று மானஸ் அவளை எதனோடும் கட்ட முடியவில்லை, விட்டுவிட்டான். அதனால்தான் அந்தக் கல்லின் மறதியும் அவளைத் தொடவில்லை. மாவு அரைக்கும் ஆலைக்காரர் அவளிடம் பெயர் கேட்பார்; மூட்டையை எடுக்கத் திரும்புவதற்குள் மறந்துபோய் மறுபடி கேட்பார். ஊர் கூடும் இடங்களில் இருபது வருடம் கழித்தும், "புதுசா வந்திருக்கீங்களாம்மா?" என்று நாங்கள் அவளை வரவேற்றோம். ஒவ்வொரு முறையும், "ஆமாங்க, வழி கொஞ்சம் நீளம்," என்று பதில் சொல்வாள். வீட்டில் அவளை 'அந்தப் பொண்ணு' என்றார்கள். கார்மக்குக்கு மட்டும், தொழுவத்தில் கிடந்த அந்த வருடத்துக்குப் பிறகு, அவள் பெயர் நழுவவில்லை. ஆனால் அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை. தன்னைக் காப்பாற்றியது யார் என்று வீட்டில் பேச்சு எழுவதில் அவனுக்கு வெட்கம் இருந்தது.

பெலிம் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று 1765இல் சொன்னபோது ஆச்சரியப்பட்டது அவள் ஒருத்திதான். வருடம் இரண்டு முறை குதிரையில் வரும் பாதிரியார் பதிவேட்டில் அவள் பெயரை எழுதினார். மை காய்வதற்குள் எழுத்து தாளுக்குள் இறங்கிப் போய்விட்டது. மூன்று முறை எழுதினார். பதிவேட்டில் அந்த இடம் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

"பேரு நிக்கலன்னா என்ன சாமி, ஆளு நிக்கறா பாருங்க," என்றான் பெலிம். "ஆளைக் கட்டிக்கறேன், பேரை அப்புறம் பாத்துக்கலாம்."

அவன் சொன்னதைச் செய்யவும் பார்த்தான். மூத்த மகன் சின்ன மானஸ் பிறந்த மறு வருடம் அப்பனிடம் போய், ஜெர்மன்காரர்களில் பாதிப் பேர் யோஹான்தானே, யோஹான் மகள் என்று சொல்லிவிட்டுப் போங்களேன் என்று நச்சரித்தான். மானஸ் பேரன் முகத்தைப் பார்த்து மனம் இளகி, அந்த ஜூலையில் அப்படியே சொன்னான். செவ்வாய்க்கிழமை மதியம் ஓடைப் பாதையில் ஒரு கிழவர் நடந்து வந்தார். நான்தான் யோஹான் என்றார். நீங்கள் கப்பலில் செத்துப் போனீர்களாமே என்று ஊனா கேட்டாள். ஆமாம், செத்துப் போனேன் என்று ஒத்துக்கொண்டார். எது கேட்டாலும் ஆமாம் என்று சொல்கிற நல்ல மனிதர். மூன்று வாரம் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேளைக்கு ஒன்பது கிழங்கு சாப்பிட்டார். லிஸ்பெத் அவருடைய சட்டையைத் துவைத்துப் போட்டாள், தாடியைச் சீவிவிட்டாள், எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் ஒரு முறைகூட அப்பா என்று கூப்பிடவில்லை, ஐயா என்றுதான் கூப்பிட்டாள். அந்த மூன்று வாரமும் ஆலைக்காரர் அவளை யோஹான் பொண்ணு என்று தயக்கம் இல்லாமல் கூப்பிட்டார். ஆகஸ்ட் நடுவில் ஒரு நாள் கிழவர் வேலிமேல் உட்கார்ந்து வெயில் காய்ந்தார். மதியத்துக்குள் வேலிமேல் தொப்பி மட்டும் இருந்தது. அதில் ஊனா கோழியை அடைக்கு வைத்தாள். இனி இந்தக் கல்மேல் பொய் சொல்ல மாட்டேன் என்று மானஸ் சத்தியம் செய்தான். மறுநாள் ஆலைக்காரர் லிஸ்பெத்திடம் பெயர் கேட்டார்.

இரண்டாவது மகன் பிறந்தபோது விஷயம் இன்னும் கஷ்டமானது. எங்கள் வழக்கத்தில் முதல் மகனுக்கு அப்பா வழிப் பாட்டன் பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மா வழிப் பாட்டன் பெயர். பிள்ளை ஆறு வாரம் பெயர் இல்லாமல் தொட்டிலில் கிடந்தான். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் அவளைப் பார்ப்பதும், அவள் பார்த்தவுடன் தட்டைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். கடைசியில் அம்மா வழிப் பாட்டன் இடத்தைத் தாண்டிப் போய், மானஸின் அப்பா பெயரான டர்லோ என்று வைத்தார்கள். அவன் பாத்தி நன்றாகத்தான் எழுந்தது. நடுவில் ஒரு தப்படி மட்டும் எதுவும் முளைக்காத வெறும் மண். அதைப் பார்த்த அன்று லிஸ்பெத்துக்கு ஒரு எண்ணம் வந்தது. கேட்டால் கிடைத்துவிடக்கூடிய ஒன்றுதான். ஆனால் அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் பதினெட்டு வருடம் இருந்து, ஒரு ஊசிகூடக் கேட்டு வாங்காதவள். பெயரைப் போய்க் கேட்டு வாங்கினால் அது பிச்சைபோல் ஆகிவிடும் என்று நினைத்தாள். தவிர, தன் பொருட்டு இன்னொரு கிழவர் வந்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. டர்லோவுக்குப் பின் ரோஷீன் பிறந்தாள், அதற்குப் பின் கடைக்குட்டி பிரீஜ். நான்கு பாத்திகளையும் அவளே எருப்போட்டு, களை எடுத்து, மண் அணைத்தாள். மேற்குச் சரிவில் மிக நன்றாக விளைந்தவை அவைதான் என்பதை மக்லிஞ்சிகள் எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். யார் விளைவித்தது என்று கேட்டால், அந்தப் பொண்ணு என்பார்கள்.

முப்பது ஜூலைகள் அவள் அந்தக் கல்லுக்குப் பின்னால் நின்று கேட்டாள். மற்றவர்கள் தங்கள் பெயர் வரும்வரை கேட்பார்கள். வந்ததும் மனம் கிழங்குக்கும் வெண்ணெய்க்கும் போய்விடும். தன் பெயர் வராது என்று தெரிந்த லிஸ்பெத் மட்டும் ஒவ்வொரு வருடமும் முதலிலிருந்து கடைசிவரை கேட்டாள்.

1780 ஜூன் மாதம் மானஸ் இறந்தான். அறுபத்தெட்டு வயது. வேலி போட்டுக்கொண்டிருந்தபோது, கையில் இருந்த கம்பை நட்டுவிட்டு, மண்ணை மிதித்து இறுக்கிவிட்டு இறந்தான். அந்தக் கம்பு இன்றும் ஆடுவதில்லை. இவ்வளவு பெரிய சாவு எங்கள் பள்ளத்தாக்கு பார்த்ததில்லை. இருபத்தேழு பாத்திகளிலும் செடிகள் மூன்று நாள் தலை சாய்ந்திருந்து, நான்காம் நாள் நிமிர்ந்தன. துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு, ஜூலை நடுவில்தான் வீட்டுக்கு அந்தக் கேள்வி தோன்றியது. கல்மேல் யார் ஏறுவது? மூத்தவன் கார்மக். ஏறுகிறேன் என்றான். அவன் அந்த இரண்டு வாரமும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே மாடு கறந்தான் என்று நூலா பிறகு சொன்னாள்.

கடைசி ஞாயிறு. வானம் மூட்டமாக இருந்தது, மழை வரும்போல் இருந்தது, ஆனால் வரவில்லை. குடும்பம் முழுவதும் வந்திருந்தது. கட்டிக் கொடுத்த பெண்கள், அவர்கள் பிள்ளைகள், வேடிக்கை பார்க்க நாங்கள் முப்பது பேர், குதிரை வண்டியில் ஹாஸ்டெட்டர். கார்மக் கல்லில் ஏறித் தொப்பியைக் கழற்றினான்.

"குருட்டு ஷேன்," என்றான். "ஷேன் மகன் இயோகன். இயோகன் மகன்..."

நின்றான். நாங்கள் காத்திருந்தோம். அவன் மறுபடி ஷேனிலிருந்து ஆரம்பித்தான், மறுபடி அதே இடத்தில் நின்றான். முகம் வெளுத்துவிட்டது. பெயர் விடுபட்டால் என்ன ஆகும் என்று அங்கே நின்றவர்களில் அவனுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. இருபத்தேழு பாத்தி, அத்தனைக்கும் ஆட்கள்; நாளைக் காலையில் ஒருவரை ஒருவர் யார் என்று கேட்டுக்கொண்டு எழுந்திருக்கப் போகிற ஒரு குடும்பம். அவன் பெலிமைப் பார்த்தான். பெலிம் தரையைப் பார்த்தான். கார்மக் ஊனாவைப் பார்த்தான்.

"என்னை ஏன்டா பாக்கற?" என்றாள் ஊனா. "எங்கப்பன் வீட்டுப் பேரு பதினாலு படி கேளு, தூக்கத்துல சொல்றேன். மாமனார் வீட்டுப் பேரை நான் எதுக்கு மனப்பாடம் பண்ணணும்? அந்தாளு சாக மாட்டாருன்னுல்ல இருந்தேன்."

அப்போது கல்லுக்குப் பின்னாலிருந்து, சத்தம் அதிகம் இல்லாமல், ஒரு குரல் வந்தது. "இயோகன் மகன் கொன். கொன் மகன் ஆர்ட். ஆர்ட் மகன் நியால். நியால் மகன் டர்லோ." கார்மக் கீழே இறங்கினான். கை நீட்டி அவளை மேலே ஏற்றினான். லிஸ்பெத் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னாள். மானஸைச் சொன்னாள். கார்மக்கை, பெலிமை, பெண்களை, மாப்பிள்ளைகளை, அவர்கள் அப்பன்களை, பாட்டன்களைச் சொன்னாள். நூலாவை, அவள் அப்பன் டெய்கை, டெய்கின் அப்பன் ரோரியைச் சொன்னாள். ஊனாவின் அப்பன் வழியைப் பதினான்கு படியும் சொன்னாள். ஊனா பதினான்கையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, வாயை மூடிக்கொண்டாள். நூலாவுக்குப் பிறந்து நான்கே நாள் உயிரோடு இருந்து போன இரட்டைக் குழந்தைகளின் பாத்தி எழுந்த வேகத்தில் அமிழ்ந்துவிட்டது. மானஸ் அவர்கள் பெயரை வருடந்தோறும் குரலைத் தாழ்த்திச் சொல்வான். லிஸ்பெத்தும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். நூலா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கடைசியாகப் பெலிமின் நான்கு பிள்ளைகளைச் சொல்லி, பிரீஜோடு முடித்தாள். ஒரு பெயர் மாறவில்லை, ஒரு படி விடவில்லை. சரிவு முழுவதும் செடிகள் காற்று இல்லாமல் ஒரு முறை அசைந்து நின்றன. நாங்கள் எல்லாரும் மூச்சு விட்டோம். கார்மக்கின் மூத்த பையன் அவசரப்பட்டு மண்வெட்டியை ஊன்றினான். அது டங்கென்று தெறித்து அவன் முழங்காலில் பட்டது.

"இன்னும் முடியலடா மடையா," என்றாள் ஊனா. "சொன்னவ பேரைச் சொல்லணும்."

எல்லாரும் ஊனாவைப் பார்த்தார்கள். முடித்து வைப்பது அவள் வேலை. ஊனா வாயைத் திறந்தாள், மூடினாள், கோலைத் தரையில் தட்டினாள்.

"நாசமாப் போச்சு. பேரு நாக்கு நுனியில நிக்குது, விழ மாட்டேங்குது."

"லிஸ்பெத்," என்றான் கார்மக், தலையைக் குனிந்துகொண்டு. "பேரு லிஸ்பெத்மா."

"தெரிஞ்சு வெச்சுக்கிட்டா இத்தனை வருஷம் வாயைத் தைச்சுக்கிட்டு இருந்த?"

ஊனா அந்தப் பெயரை உதட்டில் இரண்டு முறை உருட்டிப் பார்த்துக்கொண்டாள், தொலைந்துவிடாமல் இருக்க.

"சரி, பேரு கெடைச்சிருச்சு. லிஸ்பெத், யார் பொண்ணுன்னு சொல்ல? ஏன்டியம்மா, சொல்ல மாட்டேன்னா நான் சொல்றேன்? எதையாவது சொன்னா இன்னொரு தாத்தா வந்து வேளைக்கு ஒம்போது கிழங்கு திம்பாரு. அந்தத் தொப்பியே இன்னும் கோழி நாத்தம் போகல."

சிலர் சிரித்தார்கள். லிஸ்பெத்தும் சிரித்தாள். கல்லின்மேல் நின்றபடி, தலைத்துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சரிவைப் பார்த்தாள். அவள் கண் தன் நான்கு பாத்திகளில் நின்றது. பிறகு அவள் பேசியபோது குரல் நாங்கள் முப்பது வருடமாகக் கேட்டுப் பழகாத அளவுக்கு உயர்ந்திருந்தது. வண்டியில் உட்கார்ந்திருந்த ஹாஸ்டெட்டர்கூட எழுந்து நின்றான்.

"யார் பொண்ணுன்னு வேணாம் அத்தை. யார் அம்மான்னு சொல்லுங்க. எனக்கு மேல ஏறறதுக்கு ஆள் இல்ல. கீழ இருக்காங்க. அதோ நிக்கறான் பாருங்க மானஸ், பக்கத்துல டர்லோ, ரோஷீன், எதையோ வாயில போட்டு மென்னுக்கிட்டு நிக்கறாளே, பிரீஜ். நாளைக்கு அவங்களுக்குப் பொறக்கப் போறவங்க இருக்காங்க. நீங்க கீழேர்ந்து ஒவ்வொருத்தரா மேல ஏறி வாங்க, ஏணி உச்சியில நான் நிக்கறேன். முப்பது வருஷமா இந்தக் கல்லுக்குப் பின்னாடி நின்னேன், டர்லோ பொறந்ததுலேர்ந்து கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன், வாய் வரல. இப்பக் கேக்கறேன். என்னையும் சொல்லுங்க அத்தை."